நிமோடிபின் முடிந்தும் போகாத தலைவலி

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னந்தலையில் உலக்கையால் ஒரே போடு போட்டது மாதிரி ஒரு வலி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என்றது சி.டி. ஸ்கேன். ரத்தக்குழாயில் புடைத்திருந்த குமிழ் ஒன்று வெடித்திருந்தது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பிளாட்டினச் சுருள் வைத்து அடைத்தார்கள். அப்புறம் 21 நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின், கசிவுக்குப் பிறகு மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்து பாதிப்பு வராமல் இருக்கத் தரும் மாத்திரை. கடைசி வாரம் வீட்டில்தான். ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து அக்கா எழுப்புவாள்.

மாத்திரை முடிந்தது, தலைவலி முடியவில்லை. கசிந்த ரத்தம் மூளையின் உறையை உறுத்தியிருக்கிறது, அடங்க நாளாகும் என்றார் டாக்டர். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம்.

மூன்றாவது மாதம் அக்கா ஓர் அக்குபஞ்சர்காரரிடம் கூட்டிப்போனாள். அங்கே ஊசியே கிடையாது. நாடி பார்த்து, ஒரு விரலால் கையைத் தொட்டுவிட்டு, "இங்கிலீஷ் மருந்தெல்லாம் இன்னையோட நிறுத்திடுங்க" என்றார். பிபி மாத்திரையுமா என்றேன். அதையும்தானாம்! மூளையில் ரத்தம் கசிந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எழுந்து வந்துவிட்டோம்.

அக்குபஞ்சருக்குப் போகலாமா என்று என் டாக்டரிடமே கேட்டேன். "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எதுவும் நீங்க எடுக்கல, பிபியும் கட்டுக்குள்ள இருக்கு. மருந்தை விடாம போய்ப் பாருங்க. பழைய மாதிரி திடீர்னு வலிச்சா மட்டும் அங்க போகாம நேரா இங்க வாங்க" என்றார்.

பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பட்டப்படிப்பு) படித்து அக்குபஞ்சர் செய்கிற மருத்துவர் ஒருவர் கிடைத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை முழுசாகப் படித்த பிறகுதான் ஊசி உறையை என் கண்ணெதிரே பிரித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையில், பாதத்தில் பெருவிரல் இடுக்குக்குச் சற்று மேலே, அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடரியில். பிடரிக்குத்தான் பயந்தேன். குத்தியதே தெரியவில்லை, கையில் மட்டும் மந்தமாக ஒரு கனம் பரவியது. 20 நிமிடம்.

முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. நான்காவது தடவைக்குப் பிறகு கழுத்து இறுக்கம் தளர்ந்தது, இரவில் தூங்கினேன். வாரம் இரண்டு தடவையாக ஐந்து வாரம். வலியை 10க்கு எத்தனை என்று நோட்டில் எழுதிவந்தேன். 8 ஆக இருந்தது 4க்கு வந்தது. ஊசியாலா, நாளானதாலா, யாரும் கூப்பிடாத அறையில் சும்மா படுத்திருந்ததாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, ஊசிதான்.

வெயிலில் போனால் இன்னும் வலிக்கிறது. நேற்று நோட்டில் 3.