டாண்டினாங் வீட்ல மூணு வகுப்பு, ஒரே டேபிள்

நாங்க ஆஸ்திரேலியால, மெல்போர்னோட புறநகர் டாண்டினாங்குக்கு வந்து இறங்கினது 2020 ஜனவரி. இங்க ஸ்கூல் வருஷம் ஜனவரி கடைசிலதான் ஆரம்பிக்கும்ங்கறதால மூணு பசங்களையும் சரியான நேரத்துல சேர்த்துட்டோம், பெரியவ கிரேடு 5, நடுப்பையன் கிரேடு 3, சின்னவ பிரெப், நம்ம ஊர் யுகேஜி மாதிரின்னு வெச்சுக்கோங்க. சின்னவளுக்கு ரெண்டு மாசம் கூட முழுசா கிடைக்கல. கொரோனாவால மார்ச் 24லயே லீவு விட்டுட்டாங்க, ஏப்ரல் நடுவுல அடுத்த டெர்ம் ஆரம்பிச்சப்போ ஸ்கூலே வீட்டுக்குள்ள வந்துருச்சு.

வீட்டுக்காரர் ஃபுட் வேர்ஹவுஸ்ல வேலை, அவரால வீட்ல இருக்க முடியாது. ஆக நானும் மூணு பசங்களும் ஒரு டேபிளும். பெரியவளுக்கு வெபெக்ஸ் வீடியோ கால்ல கிளாஸ், சின்னவளுக்கு சீசாங்கற (Seesaw) ஆப்ல வீடியோ, நடுப்பையனுக்கு ஸ்கூல்ல குடுத்த ஐபேட், மூணு பேருக்கும் ஒரே நேரத்துல டவுட் வரும், குக்கரும் அப்பத்தான் விசில் அடிக்கும்.

நான் பண்ண பெரிய தப்பு, திருச்சில எனக்கு எப்படி சொல்லிக்குடுத்தாங்களோ அப்படியே இவங்களுக்கும் சொல்லிக்குடுக்கப் பார்த்தது. 47ஐயும் 38ஐயும் கூட்டணும்னா ஒண்ணுக்கு கீழ ஒண்ணு எழுதுடா, ஏழும் எட்டும் பதினஞ்சு, அஞ்சைப் போட்டு ஒண்ணை மேல வைன்னு நான் சொல்ல, நடுப்பையன், டீச்சர் இப்படி சொல்லலம்மான்னு அழ ஆரம்பிச்சான். அவங்க 40யும் 30யும் தனியா கூட்டி 70, 7யும் 8யும் தனியா 15, ரெண்டையும் சேர்த்து 85ன்னு போடறாங்க, அதுக்கு ஸ்ப்ளிட் ஸ்ட்ராட்டஜின்னு பேரு. நான் ரெண்டு வாரம் அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன், அப்புறம் ஒரு நாள் நைட் அவங்க தூங்கினதும் டீச்சரோட வீடியோவை நானே உக்காந்து பார்த்தப்பத்தான் விஷயம் புரிஞ்சுது, நாம மனசுக்குள்ள கணக்கு போடறப்போ அப்படித்தானே போடறோம். காலைல அவன்கிட்ட ஸாரி சொன்னேன்.

சின்னவ கதை வேற. நான் சி-ஏ-டி கேட்னு சொல்லிக்குடுப்பேன், அவளுக்கு ஸ்கூல்ல க்-ஆ-ட்னு ஓசையைத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க, எழுத்தோட பேர் அப்புறம்தான். ரெண்டும் சேர்ந்து குழம்பி புக்கைத் தொடவே மாட்டேன்னுட்டா. இதை சரி பண்ணது எங்க அம்மா. அங்க ஊர்லயும் லாக்டவுன், அம்மாவும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தாங்க, அதனால தினமும் இங்க சாயங்காலம் 4 மணி, அங்க பதினொண்ணரை, வாட்ஸ்அப் வீடியோல அம்மாச்சி கிளாஸ். அ, ம், மா, கூட்டிச் சொல்லு அம்மா. தமிழ்ல எழுத்துக்கு பேர் வேற ஓசை வேறன்னு கிடையாது இல்லையா, ம-ன்னா ம-தான், அதைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலீஷையும் அப்படியே கூட்ட ஆரம்பிச்சுட்டா. வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்னு வந்த புதுசுல நான் ஒரு ரூல் போட்டிருந்தேன், அதை அந்த வாரமே எடுத்துட்டேன்.

மே கடைசில சின்னவளுக்கும், ஜூன்ல மத்த ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாள் ஸ்கூல் திறந்தாங்க, ஜூலைல மறுபடி மூடிட்டாங்க. ஆகஸ்ட் 2ல இருந்து ஸ்டேஜ் 4, அதாவது ரொம்பக் கடுமையான லாக்டவுன். நைட் 8 மணில இருந்து காலை 5 வரைக்கும் கர்ஃப்யூ, வீட்ல இருந்து 5 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது, நடக்க ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வீட்டுக்காரர் பெர்மிட் பேப்பரைப் பையிலயே வெச்சுக்கிட்டு வேலைக்குப் போவார். குளிர், சீக்கிரம் இருட்டிரும், பேச்சுத்துணைக்கு ஒருத்தர் கிடையாது, பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னு கூட தெரியாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பசங்க காலைல சண்டை போடாம உக்காருவாங்க. டாண்டினாங் கிரீக் ஓரமா நாலு பேரும் நடப்போம். செப்டம்பர் 14தான் அதை ரெண்டு மணி நேரமாக்கி, பார்க்ல ஊஞ்சலையும் திறந்துவிட்டாங்க, அன்னைக்கு சின்னவ இறங்கவே மாட்டேன்னுட்டா.

அந்த மாசம்தான் மேக்பைங்கற கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு பொரிக்கிற சீசன். கூட்டுப் பக்கம் போனா சில பறவைங்க பின்னாடியே வந்து தலைல கொத்தும். நடுப்பையனை அப்படி ஒண்ணு துரத்திருச்சு. பயந்துட்டான், ஆனா வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயல, தமிழ்லயே அம்மாச்சிக்கு மூணு தடவை சொன்னான். அதுவரைக்கும் ரீகவுண்ட், அதாவது நடந்ததைத் திருப்பி எழுதறது, எழுதுன்னா ரெண்டு வரில நிறுத்தறவன். முதல்ல வீட்டு பாஷைல சொல்ல விடுங்க, அப்புறம் எழுதட்டும்னு அவன் டீச்சர் ஃபோன்ல சொன்னது ஞாபகம் வந்து, இப்ப சொன்னியே அதையே எழுதுடான்னேன். ஒரு முழுப் பக்கம் எழுதினான். ஸ்பெல்லிங் பாதி தப்பு, நான் ஒண்ணைக் கூட திருத்தல.

அக்டோபர் 12 ஸ்கூல் திறந்துச்சு. கேட்ல விட்டுட்டு வந்து காலி டேபிளைப் பார்த்தப்போ எனக்கு அழுகை வந்துருச்சு, நிம்மதியா ஏக்கமான்னு தெரியல. சாயங்காலம் சின்னவ பையைக் கூட கழட்டாம ஃபோனைத்தான் கேட்டா, மணி நாலாயிருச்சு, அம்மாச்சி காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு.