அப்பாயியின் காலக்கணக்கு: இதுவரை எழுதியது

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, பிறந்த தேதி கிடையாது. குடும்ப அட்டையில் ஒரு வயசு, வாக்காளர் அட்டையில் வேறொரு வயசு. அவர் இருந்தபோதே போனில் பேச்சைப் பதிந்து வைத்தேன். இப்போது அதையெல்லாம் கேட்டு, நீள நோட்டில் வருஷவாரியாக எழுதி வருகிறேன். நேரம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற வேலை.

"எந்த வருஷம் அப்பாயி?" என்று கேட்ட இடங்களிலெல்லாம் பதிவில் மௌனம்தான். "அப்ப என்ன வேல பாத்தீங்க?" என்று கேட்ட இடங்களில் கொட்டியிருக்கிறார். அதனால் நோட்டில் முதல் நெடுவரிசையே வேலைக்குத்தான். பிள்ளைகள், ஊர், நாடு எல்லாம் அதற்குப் பக்கத்தில்.

பிறப்பு ஓரளவு பிடிபட்டுவிட்டது. மேட்டூர்த் தண்ணி முதல்முதலாக வந்தபோது அவர் தவழ்கிற பிள்ளை என்று அவருடைய அம்மா சொல்வாராம். அணை திறந்தது 1934 ஆகஸ்ட். அப்படியானால் 1933 கடைசி அல்லது 34 தொடக்கம். காலணா, அரையணாவில் கூலி வாங்கியவர் நயா பைசாவைத் திட்டுகிற இடம் ஒன்று வருகிறது. "அது வந்தப்ப ஒங்க பெரியத்த மடியில இருந்தா" என்கிறார். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். அத்தையின் வயசும் அதோடு சரியாயிற்று.

புயல்தான் பெரிய சிக்கல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் 'பெருங்காத்து' என்றால் எந்தக் காற்று என்று கேட்டாக வேண்டும். வீடு விழுந்தது 52இல் என்கிறார் சித்தப்பா. இல்லை, 77 என்கிறார் சின்ன அத்தை. அப்பாயி எங்கும் வருஷம் சொல்லவில்லை. ஆனால் வீடு விழுந்ததைச் சொல்கிற பதிவில், "கட்டியிருந்தது தீவாளிச் சேல. அறுத்துப் போட்ட குறுவ நெல்லு பூரா நனஞ்சு கெடக்கு. மூணாம் நாளு அண்டாவ அடுப்புல ஏத்திட்டேன்" என்கிறார். 1977 புயல் நவம்பர் 12ஆம் தேதி, தீபாவளி முடிந்த கையோடு வந்தது. 1952 புயல் நவம்பர் 30, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி. அப்போது வயலில் நின்றது சம்பா. குறுவை அறுப்பு எப்போதோ முடிந்திருக்கும். இன்னொரு பதிவில் அகல் ஏற்ற முடியாமல் போனதையும், சம்பா படுத்துவிட்டதையும் சொல்கிறார். அதுதான் 52. இரண்டு புயலும் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகிக் கிடந்தன. அவர் சொன்ன பயிரும் சேலையும்தான் பிரித்துக் கொடுத்தன.

மூன்றாம் நாளே அடுப்பு மூட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நனைந்த நெல்லை அப்படியே விட்டால் முளைத்துவிடும், அவித்துவிட்டால் முளைக்காது. கூரையில்லாத வீட்டில் நின்றுகொண்டு தன் நெல்லை மட்டுமல்ல, தெருவில் நாலு வீட்டு நெல்லையும் அவித்துக் கொடுத்திருக்கிறார். நெல் அவித்து அரிசி விற்றுத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

இதைக் கேட்டு எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றியதால் ஒரு மரக்கால் நெல்லை வாங்கி அவித்துப் பார்த்தேன். சின்ன அத்தை கூட இருந்தார். முதல் நாள் இரவு வெந்நீரில் ஊறல். விடியற்காலையில் தண்ணீரை வடித்து, அடியில் கொஞ்சம் நீர் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி அவியல். ஆவி சாக்கைத் தாண்டி வந்ததும் அத்தை ஒரு நெல்லை எடுத்துக் காட்டினார். உமி வாய் பிளந்திருந்தது. பிறகு தளத்தில் கொட்டிக் காலால் துழாவ வேண்டும். பாதம் வரிவரியாகச் சால் போட்டுக்கொண்டே போகும். வெயில் ஏற ஏற நெல்லும் தளமும் சேர்ந்து சுடும். "ஒரே வெயில்ல காய விட்டா குருணையாப் போயிடும்பா, நெழல்ல குமிச்சு வச்சு மறுபடி விரி" என்றார் அத்தை. பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். அதுதான் பதம். அப்பாயி ஒரு ஈட்டுக்கு அவித்தது இதைப் போலப் பல மடங்கு. துழாவியதும் தனி ஆளாக. பதிவுகளில் "கால் காந்தும்" என்று அடிக்கடி வருகிறது. அந்த இடங்களை எழுதும்போது இனி அவசரப்பட மாட்டேன்.

கஜா புயல் வந்த 2018 நவம்பரில் அவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயசு. கொல்லையில் தென்னை முழுக்கச் சாய்ந்து கிடக்க, நாங்கள் வாயடைத்து நின்றோம். அவர் அரிவாளைக் கேட்டார். "எளநிய வெட்டி அக்கம்பக்கம் குடுங்கடா, தண்ணிக்கு எங்க போவாங்க." அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார்.

1958இலிருந்து 65 வரை நோட்டில் இன்னும் வெற்றிடம். தாத்தா இறந்தது அதற்குள்தான். ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் ஊருக்கு வருவதற்கு முன்பா, பின்பா என்று தெரிந்தால் நெருங்கிவிடலாம். அவர் நெல் அரைத்த பழைய மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மன்னார்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். தை அறுப்புக்கு ஊருக்கு வருவார் என்றார்கள். அவரிடம் கேட்கக் கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.