வேலையே இல்லாத கம்பி

பதினைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டு வயரிங்கை யாரும் சோதித்ததில்லை. விளக்குகள் எரிந்தன, மோட்டார் ஓடியது, எவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. ஆகவே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தோம். சென்ற மாதம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து முழுச் சோதனை செய்தபோது, துணி துவைக்கும் இயந்திரத்துக்கான பிளக் பாயிண்ட்டில் எர்த் கம்பி முனையிலிருந்து கழன்று, பெட்டிக்குள் தனியே கிடந்தது தெரிய வந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படிக் கிடந்ததோ, இயந்திரம் ஒரு நாளும் நின்றதில்லை.

நிற்பதற்குக் காரணமும் இல்லை. ஃபேஸும் நியூட்ரலும் இருந்தால் கருவி ஓடிவிடும். எர்த் கம்பிக்குச் சாதாரண நாட்களில் வேலையே கிடையாது. கருவியின் உலோக உடலில் ஃபேஸ் பட்டுவிட்டால், அந்தக் கணத்தில் மட்டுமே அது தேவைப்படுகிறது. அன்றாடப் பயன்பாடு காட்டிக்கொடுக்காத இத்தகைய குறைகளைத் தேடிப் பிடிப்பதற்காகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை செய்யச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மெயினை அணைத்து, கம்பிகளில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் பெட்டிகளைத் திறந்தார். முதல் ஒரு மணி நேரம் கண்ணுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் மட்டுமே வேலை. கீசர் ஸ்விட்சின் பின்புறம் பழுப்பேறியிருந்தது. அங்கே ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை உருவாகி, அதன் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் வெளிப்படும். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்சிபி; இங்கே பாயும் மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் அதற்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது மெகர் சோதனை, அதாவது கம்பிகளின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. மின்னணுக் கருவிகள் அனைத்தையும் கழற்றச் சொன்னதில் வீட்டில் சிறு முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் கம்பிகளில் 500 வோல்ட் டிசி மின்னழுத்தம் செலுத்தப்படும்போது அவற்றை இணைப்பில் விட்டுவைப்பது நல்லதல்ல. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மின்காப்புத் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்கிறது மின் வயரிங்குக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60364. எங்கள் வீட்டின் மற்ற மின்சுற்றுகள் எல்லாம் 200 மெகா ஓமைத் தாண்டியிருக்க, வெளிவிளக்குகளின் மின்சுற்று மட்டும் 1.4 காட்டியது. விதிப்படி தேர்ச்சிதான். இருந்தும் அவர் அதை விடவில்லை; தேடிப் போனதில், சுவரோரத்து ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் கோத்திருந்தது. தேறியதா, தவறியதா என்று மட்டும் எழுதித் தரும் அறிக்கையை இனி நான் ஏற்கப் போவதில்லை. எண்கள் எழுதப்பட்டிருந்தால்தான் அடுத்த முறை எது சரிந்திருக்கிறது என்று ஒப்பிட முடியும்.

மின்சாரம் கொடுத்த பின் நடந்த சோதனைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எர்த் வழியாகப் பழுது மின்னோட்டம் சுற்றித் திரும்பும் பாதையின் மொத்தத் தடை எங்கள் வீட்டில் 20 ஓம். தரையில் புதைத்த எர்த் கம்பியை மட்டுமே நம்பும் அமைப்பில் இது விந்தையான அளவல்ல. ஆனால் 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் கிடைப்பது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனடியாக விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். அதாவது, எர்த் சரியாக இருந்தும் எம்சிபி அசையாது, கருவியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இங்கே காப்பாற்ற வேண்டியது, மின்கசிவைக் கண்டதும் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவுக் கசிவுக்கு அது 300 மில்லி விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். எங்களுடையது தேறிவிட்டது.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பொத்தான், ஒரு மின்தடை வழியாகச் செயற்கையான கசிவை உண்டாக்கி உள்ளமைப்பு இயங்குகிறதா என்று மட்டுமே பார்க்கிறது; எர்த்தோடு அதற்குத் தொடர்பில்லை. எர்த் கழன்று கிடந்த அத்தனை மாதங்களிலும் அது தவறாமல் விழுந்துகொண்டுதான் இருந்தது. எர்த் இருந்தால், இயந்திரத்தில் பழுது ஏற்பட்ட உடனேயே ஆர்சிசிபி விழுந்துவிடும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருந்து, அவர் உடல் வழியே மின்சாரம் பாயும்போதுதான் விழும்.

கழன்ற கம்பியை முடுக்கி, ஜங்ஷன் பாக்ஸையும் கீசர் ஸ்விட்சையும் மாற்றியாயிற்று. எண்கள் அடங்கிய தாள், தேதியுடன், டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளிவிளக்குகளின் மின்சுற்றை மட்டும் மழைக்காலம் முடிந்ததும் வந்து மறுபடி அளப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரிக்கு எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.