தொலைந்த குடையும் ஒற்றைப் போலீஸ்காரரும்

டோக்கியோவுக்குத் தெற்கே பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் இசு தீவுகளும் ஒகசவாரா தீவுகளும் நிர்வாகக் கணக்கில் டோக்கியோவேதான். போலீஸும் டோக்கியோ பெருநகரப் போலீஸே. ஓஷிமா, நீஜிமா, மியாகேஜிமா, ஹச்சிஜோஜிமா, ஒகசவாரா என்று ஐந்து தீவு ஸ்டேஷன்கள் உண்டு. ஸ்டேஷன் வைக்கும் அளவுக்கு ஆள் இல்லாத இடங்களுக்கு ‘சூசாய்ஷோ’. முன்னறை அலுவலகம், பின்பக்கம் வீடு. போலீஸ்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார். சுமார் 170 பேர் வாழும் ஆவோகாஷிமாவில் இருப்பதும் அப்படி ஒன்றுதான். ஒரு கோடிக்கு மேல் ஜனம் நெரியும் தலைநகருக்காக எழுதிய விதிகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இந்த 170 பேருக்கும் வரி பிசகாமல் பொருந்தும். வேடிக்கை அங்கேதான் ஆரம்பம்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒருவருக்கு ஒரு குடை கிடைக்கிறது என்று வையுங்கள். கைப்பிடியில் பச்சை நாடா சுற்றிய குடை. எதிர்வீட்டுக்காரருடையது என்று பார்த்தவுடனே தெரியும். உரியவர் யாரென்று தெரிந்தால் நேரே கொடுத்துவிடலாம், சட்டமே அதைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் எதிர்வீட்டோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ஆகவே குடை போலீஸுக்குப் போகும்.

“எங்கே கிடைத்தது?”

“சரிவுப் பாதையில், வேலியோரம்.”

“எத்தனை மணிக்கு?”

“மழை விட்டதும்.”

“மணி வேண்டும், பாட்டி.”

கிடைத்த இடம், நாள், நேரம், பொருளின் அடையாளம் எல்லாம் எழுதியதும் இரண்டு கேள்விகள் வரும். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலாவது, உரிமை வேண்டுமா வேண்டாமா. வேண்டும் என்றால் இரண்டு விஷயம் உங்களுக்கு உண்டு: உரியவர் வந்து வாங்கிப்போனால் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கலாம், மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருளே உங்களுடையது. 10,000 யென் பணத்துக்கு 500 முதல் 2,000 யென் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை நாடாக் குடைக்கு எவ்வளவு என்று அந்தப் பாட்டியும் மனதுக்குள் போட்டுப் பார்ப்பார்.

இரண்டாவது, உங்கள் பெயரை உரியவரிடம் சொல்லலாமா. “சொல்லக் கூடாது” என்று எழுதினால் போலீஸ்காரர் வாயைத் திறக்க மாட்டார். அதனால் பெரிய பலன் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குடையோடு நீங்கள் உள்ளே போனதை ஏழு பேர் பார்த்திருப்பார்கள்.

கடைசியில் பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தருவார். அதை வாங்காமல் கிளம்பாதீர்கள். ரோந்து போன நேரமாகப் பார்த்து வந்து, மேஜை மேல் பர்ஸை வைத்துவிட்டு நடையைக் கட்டுகிற நல்ல உள்ளங்களால்தான் தலைவலி. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, உள்ளே எவ்வளவு இருந்தது எதற்கும் பதிவு இல்லை. பணம் என்றால் உங்கள் முன்னாலேயே நோட்டு நோட்டாக எண்ணி எழுதுவதுதான் முறை. அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஆள் இல்லையென்றால் ஸ்டேஷனோடு பேச அங்கே தொலைபேசி இருக்கும். பின்பக்கத்திலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பதும் வழக்கம். கணவர் வெளியே போயிருக்கும்போது வருகிறவர்களைக் கவனிப்பது அவர்தான், அதற்காகத் தனிப் படித்தொகையும் உண்டு. ‘சூசாய்ஷோ’வுக்கு ஒருவரை நியமித்தால் ஒன்றரை ஆள் கிடைக்கிறது என்று அரசாங்கத்துக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

காலக்கெடுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் கிடைத்ததை 7 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாண்டினால் வெகுமதியும் போச்சு, உரிமையும் போச்சு. கடைக்குள்ளோ படகுக்குள்ளோ கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்காரரிடமே கொடுக்க வேண்டும், வெகுமதியில் பாதி அவருக்கு. மூன்று மாதம் கழித்து உங்களுக்கு வந்த பொருளை அடுத்த இரண்டு மாதத்தில் போய் எடுத்துக்கொள்ளாவிட்டால் அரசுக்குச் சேர்ந்துவிடும். கைப்பேசி, அடையாள அட்டை, வங்கி அட்டை போன்ற தனிநபர் விவரம் உள்ளவை எத்தனை மாதம் ஆனாலும் எடுத்தவருக்குச் சொந்தமாகாது. நம் குடை விஷயமோ இன்னும் பரிதாபம். குடை, துணிமணி மாதிரி மலிவான சாமான்களை மூன்று மாதம் காப்பாற்ற வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் யாரும் வராவிட்டால் விற்றுவிடலாம். டோக்கியோவில் மழைநாளில் குவியும் குடைகளுக்காகச் செய்த ஏற்பாடு இது. தீவில் குவிவது ஒன்றே ஒன்று, அதுவும் பச்சை நாடாவோடு.

காற்று அடித்துக் குடை கடலுக்குள் போய்விட்டால் போலீஸ்காரர் தப்பித்தார். கடலில் மிதப்பதையோ மூழ்கிக் கிடப்பதையோ எடுத்தால் அது வேறு சட்டம், 1899-ஆம் ஆண்டு வந்தது. அதை ஊர்த் தலைவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஒரே குடை பாறைக்கு மேலே கிடந்தால் போலீஸ், கீழே தண்ணீரில் மிதந்தால் கிராம அலுவலகம். பாறை விளிம்பில் பாதி தொங்கினால் எந்தப் பக்கம் விழுகிறது என்று இருவருமே காத்திருப்பார்கள் போலிருக்கிறது.

உயிருள்ளவையும் இதே படிவத்துக்குள் வரும். நாய், பூனை என்றால் பிராணி நலச் சட்டப்படி கையாள வேறு வழி இருக்கிறது. ஆனால் வழி தவறிய ஆமையும் கிளியும் ஆடும் ‘கண்டெடுத்த பொருள்’தான். நிறம், அளவு, தனி அடையாளம் எழுதவேண்டும், உரியவர் வரும்வரை தீனியும் போடவேண்டும். கிளி என்றதும் 2008-இல் சிபா மாகாணத்து நகரேயாமாவில் நடந்தது ஞாபகம் வரும். அங்கே சிக்கிய சாம்பல் கிளி ஒன்று போலீஸ் ஸ்டேஷனில் இரவு முழுக்க வாயே திறக்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் விட்டபின் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் மணிமணியாகச் சொன்னது. விசாரணை எங்கே நடக்கிறது என்பது கிளிக்கும் முக்கியம்.

அந்தக் கிளி ஆவோகாஷிமாவுக்கு வந்தால் முகவரி சொல்லியும் பிரயோஜனமில்லை. அந்தக் கிராமம் முழுக்க ‘எண் இல்லாத’ முகவரிதான்; எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரி. நகரத்துக் காவல் பெட்டிகளில், அதாவது தெருவோரச் சிறு போலீஸ் நிலையங்களில், சுவரில் வீட்டு எண்களோடு பெரிய வரைபடம் தொங்கும், வழி கேட்பவருக்குக் கையை வைத்துக் காட்டுவார்கள். இங்கே வழி சொல்வதென்றால், “யார் வீட்டுக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்காகத்தான் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. வீட்டில் யார் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கச் சொல்வார். கட்டாயம் இல்லை. புயலில் போன் செத்துப்போனால் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக்கு முதலில் ஓட அது வேண்டும் என்பதால் கொடுப்பதே நல்லது.

நீங்கள் தொலைத்தவர் என்றால் முறை கொஞ்சம் வேறு. பொருள் தொலைந்ததாக அறிக்கை எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஏற்பு எண் வாங்க வேண்டும். காப்பீட்டுக்காரரும் கைப்பேசிக் கம்பெனியும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். “கறுப்பு போன்” என்று எழுதினால் உதவாது. மாடல், உறையின் நிறம், திரையில் கீறல், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் எல்லாம் வேண்டும். ஒகசவாராவில் இன்னொரு சிக்கல்: விமான நிலையம் கிடையாது, டோக்கியோவிலிருந்து கப்பல் 24 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். கப்பல் நகர்ந்தபின் பர்ஸ் ஞாபகம் வந்தால் பதறிப் பயனில்லை. கரை சேர்ந்ததும் தீவு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். செலவு உங்களுடையது. பர்ஸும் அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்துதான் வரும்.

பர்ஸ் இல்லாமல் தீவிலேயே நிற்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. டோக்கியோ போலீஸ், பணம் தொலைத்து வீடு போக வழியில்லாதவருக்குக் கைமாற்றுத் தருகிறது. பொதுவாக 1,000 யென் வரை, வட்டி இல்லை. பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நகரத்தில் அது ரயில் டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கும். ஹச்சிஜோஜிமாவில் அதை வைத்துக்கொண்டு பஸ் ஏறித் துறைமுகம் வரை போகலாம். கப்பல் டிக்கெட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். தங்கியிருந்த விடுதிக்காரர் பெயரைச் சொன்னால் போலீஸ்காரரே அவருக்குப் போன் போட்டுவிடுவார், 1,000 யென்னை விட அது சீக்கிரம் வேலைக்காகும். வாங்கினால் திருப்பிக் கட்ட மறக்காதீர்கள். தீவுக்கே திரும்ப வேண்டியதில்லை, ஊருக்குப் போனபின் அருகிலுள்ள காவல் பெட்டியிலும் கட்டலாம்.