வார்டில் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரர் டைல்ஸ் போடும் வேலை செய்பவர். 2022 ஆகஸ்டில் வேலை முடிந்து திண்டுக்கல்–பழனி சாலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டது. வலது முழங்கால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் வார்டுக்கு ஒருவர் வந்தார். "அக்கா, கேஸ் போடணும்ல? எங்க வக்கீல் பாத்துக்குவார். ஒரு பைசா தர வேண்டாம், பணம் வந்ததும் நூத்துக்கு முப்பது எடுத்துக்குவோம்" என்றார். அவர் கையில் இருந்த நான்கைந்து தாள்களில் ஒன்றிலும் எதுவும் நிரப்பவில்லை. மயக்கம் முழுதாகத் தெளியாத மனிதரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரிஜினல் பில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அவரிடமே கொடுத்தேன். வலியில் கிடப்பவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நான்கு மாதம் போனது. போன் செய்தால் "கேஸ் போட்டாச்சு" என்பார்கள், நம்பர் கேட்டால் பதில் வராது. என் அக்கா மகள் இ-கோர்ட்ஸ் செயலியில் என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் தேடினாள். எதுவும் இல்லை. மறுநாளே கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். 2022 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்திருக்கிறது, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று அங்கேதான் சொன்னார்கள். அது டிசம்பர். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஒரே வாரத்தில் மூன்று வக்கீல்களைப் பார்த்தேன். முதலாமவர் ஒரு தாளையும் புரட்டாமல் "ஐம்பது லட்சம் வாங்கிடலாம்" என்றார். அடுத்தவர், தான் பார்ப்பது எல்லாம் கிரிமினல் கேஸ்தான் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். மூன்றாவதாகப் பார்த்த வக்கீலம்மாவைச் சொன்னது, சென்ட்ரிங் வேலை செய்யும் ஒரு அண்ணன். அந்த அண்ணனின் விபத்து கேஸை இந்த வக்கீலம்மாதான் நடத்தியிருந்தார்.

அவர் முதலில் கேட்டது ஏ.ஆர். காப்பி. அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. நான் அதுவரை அதைப் படித்ததே இல்லை. அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். 'பைக்கிலிருந்து விழுந்ததால் காயம்' என்று இருந்தது. பதற்றத்தில் என் கொழுந்தன் அப்படிச் சொல்லியிருக்கிறான், கார் என்ற வார்த்தையே வரவில்லை. "இன்சூரன்ஸ் கம்பெனி இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதாம்மா நிக்கும். தூக்கிவிட்டது யாரு?" என்றார். சாலையோரம் இளநீர் விற்பவர். அவரைத் தேடிப் போய்ச் சாட்சி சொல்லக் கேட்டோம். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பைக்கின் பின்பக்கமும் காரின் முன்பக்கமும் நசுங்கியிருப்பது பதிவாகியிருந்தது. அதுவும் எங்களுக்குத் துணையாக நின்றது.

அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "குத்துக்காலிட்டு உட்காருங்க பார்ப்போம்" என்றார். அவரால் முடியவில்லை, பாதியிலேயே மேசையைப் பிடித்துக்கொண்டார். டைல்ஸ் வேலை என்பதே நாள் முழுக்கக் குத்துக்காலில் உட்கார்ந்து செய்வதுதான். டாக்டர் எழுதும் ஊன சதவீதம் ஒன்று, அந்த ஊனத்தால் பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருப்பதை அவர் விளக்கினார். அந்த நிமிடமே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஃபீஸை மூன்று தவணையாகப் பிரித்து, செலவுகளைத் தனியாகத் தாளில் எழுதிக் கொடுத்தார். வருகிற இழப்பீட்டில் பங்கு பேசுவதையும், ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன என்று சொன்னதும் அவர்தான். முப்பது சதவீதம்தான் ஊர் வழக்கம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

பழைய வக்கீலிடமிருந்து தாள்களை வாங்குவதுதான் பெரும்பாடு. பதினைந்தாயிரம் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஃபீஸ் பாக்கியைக் காட்டிக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, வக்காலத்தை ரத்து செய்வதாகவும் எழுதிப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் கட்டு வந்தது. இரண்டு பில்கள் குறைந்தன, அவற்றுக்கு நகல் வாங்கிக்கொண்டோம்.

2023 ஜனவரியில் மனு பதிவாகி நம்பர் கிடைத்தது. அதன்பின் வாய்தா, வாய்தா. மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி ஏழு லட்சம் தருவதாகச் சொன்னது. கையில் பணம் இல்லாத நேரம், நகையெல்லாம் அடகில். வக்கீலம்மா வற்புறுத்தவில்லை. என்ன கிடைக்கலாம், எவ்வளவு நாள் ஆகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். இரண்டு ராத்திரி பேசி, வேண்டாம் என்றோம்.

குறுக்கு விசாரணையில், எதிர்பார்த்தபடியே "நீங்களாகத்தானே விழுந்தீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் நடந்ததை அப்படியே சொன்னார். இளநீர்க்காரர் ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, கார் இடித்ததைப் பார்த்தேன் என்றார். அந்த மனிதருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

2025 மார்ச்சில் தீர்ப்பு. வருமானத்துக்கு ரசீது எதுவும் இல்லாததால் மாதம் 15,000 என்று எடுத்தார்கள். நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவர் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 21,000. விபத்தின்போது வயது 38, அதற்குப் பெருக்கெண் 15, அதாவது ஒரு வருட வருமானத்தை 15ஆல் பெருக்குவார்கள். மெடிக்கல் போர்டு கொடுத்தது 35 சதவீத ஊனம். வேலையைப் பார்த்துத் தீர்ப்பாயம் வருமான இழப்பை 50 சதவீதமாக எடுத்துக்கொண்டது. 35 என்றே எடுத்திருந்தால் 13,23,000 வந்திருக்கும், கிடைத்தது 18,90,000. வைத்தியச் செலவும் வட்டியும் தனி. அன்றைக்கு அந்த அறையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கம்பெனி அப்பீல் போகாமல் பணத்தைக் கட்டிவிட்டது. ஒரு பகுதியை நிலையான வைப்பில் போடச் சொல்லி, மீதியை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். கடைசித் தவணை ஃபீஸைக் கொடுக்கப் போனபோது வக்கீலம்மா எல்லாத் தாள்களையும் வரிசைப்படி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார், மேலாக அந்த ஏ.ஆர். காப்பி. சாயங்காலமே அடகுக்கடைக்குப் போய் நகையைத் திருப்பினேன். இப்போது சைட்டில் கொழுந்தன் டைல்ஸ் ஒட்டுகிறான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்கிறார்.