குரூப் 4-க்கு போனில் படிப்பது எப்படி: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

காவிரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை டி.எம்.சி.? எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே பதில் வரும். ஆனால் டெலிகிராமில் சுற்றும் பொது அறிவுக் குறிப்புகளைத் திறந்தால் ஒன்றில் 419, ஒன்றில் 192, இன்னொன்றில் 177.25 என்று இருக்கும். எதுவும் பொய் இல்லை. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419. அதில் கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதெல்லாம் பகிரப் பகிர உதிர்ந்துபோய், எண் மட்டும் கைமாறி வருகிறது.

அதனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வுக்குப் போனில் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எந்தக் குறிப்பைத் திறந்தாலும் அது எந்த ஆண்டில் தயாரித்தது என்று பாருங்கள் என்பதுதான். தேதி போடாமல் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். 'தமிழ்நாட்டில் 37 மாவட்டங்கள்' என்று இருந்தால் அது 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் முன் எழுதியது. 32 என்று இருந்தால் இன்னும் பழசு. 'தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலம் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) கோடியக்கரை' என்று சொல்வது 2022-க்கு முந்தைய குறிப்பு. அந்த ஆண்டில் பிச்சாவரம், நம் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டது. எனவே அந்த எண்ணிக்கையைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, கேள்வியில் வரும் ஊருக்குப் பஸ்ஸிலேயே போய்வந்திருப்போம், குறிப்பு தப்பாக இருந்தால் சட்டென்று உறுத்தும்.

பாடப்புத்தகத்துக்கு எந்தக் குழுவிலும் சேர வேண்டியதில்லை. அரசுத் தளத்திலேயே எல்லா வகுப்புப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-19-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் புதிய புத்தகம் வந்தது. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்களும் இன்னும் சுற்றுகின்றன. உள்பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். பழையதை ஒதுக்கச் சொல்லவில்லை, தமிழ்ப் பகுதிக்கு அதுவும் உதவும். இரண்டையும் ஒரே பெயரில் சேமித்து வைத்துக் குழம்பாமல் இருந்தால் போதும்.

"அண்ணே, அம்பது பி.டி.எஃப். வச்சிருக்கேன், எதுலேருந்து ஆரம்பிக்கிறது?" என்று பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் கேட்டான். "எல்லாத்தையும் மூடு, பழைய வினாத்தாள் ஒண்ணை எடு" என்றேன். தேர்வாணையத்தின் தளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். கேள்விகளில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வரவில்லை என்றால் மீதியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். இதைப் பார்த்த பிறகும் நடப்பு நிகழ்வு வீடியோவிலேயே நாளைக் கழிப்பவர்களை என்ன சொல்வது? வினாத்தாளை முதலில் எழுதிப் பார்த்து, எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லையோ அதற்காக மட்டும் இணையத்துக்குப் போனால் தேடல் சுருங்கும். தினம் கிடைக்கும் ஒன்றரை ஜி.பி.யும் மிச்சமாகும்.

தமிழ்ப் பகுதிக்கு நான் அதிகம் நம்புவது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தை. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. சங்க இலக்கியம், குறள், காப்பியங்கள் உரையோடு இருக்கின்றன, அகராதிகளும் உண்டு. 'இந்த அடி எந்த நூலில் வருகிறது' என்ற வகைக் கேள்விக்கு மூலத்தையே திறந்து பார்த்துவிடலாம். இதற்குப் போய் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்காதீர்கள். இல்லாத குறளுக்கு எண்ணும் அதிகாரமும் போட்டு, கொஞ்சமும் தயங்காமல் எழுதித் தந்துவிடும். ஆனால் கூட்டுவட்டிக் கணக்கில் மூன்றாவது படி ஏன் வந்தது என்று புரியாமல் ராத்திரி பதினோரு மணிக்கு முழித்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் சலிக்காமல் விளக்க அதைவிட்டால் ஆள் இல்லை. படிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், விடையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படித்தது நிற்க வேண்டுமானால் ஆங்கி (Anki) மாதிரி ஓர் அட்டைச் செயலி வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இலவசம், தமிழ் நன்றாகத் தெரியும், இணையமே தேவையில்லை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. தெரிந்த கேள்வி பல நாள் கழித்துத்தான் திரும்ப வரும், தடுமாறியது மறுநாளே வந்து நிற்கும். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போதுகூட இது ஓடும். நடவு, அறுப்பு என்று வீட்டு வேலை நெருக்கும் நாட்களில் மேசை போட்டு உட்கார முடியாது, வரப்பில் உட்கார்ந்தே அன்றைய அட்டைகளை முடித்துவிடலாம். அடுத்தவர் தயாரித்த ஆயிரம் அட்டைகளை இறக்கி வைப்பதில் பயன் குறைவு. எழுதும்போதே பாதி மனதில் ஏறுகிறது, அந்தப் பாதியை ஏன் விட வேண்டும்? அட்டை சின்னதாக இருக்கட்டும். 'பிலிகுண்டுலுவில் தர வேண்டிய நீர், 2018 தீர்ப்பின்படி?' என்று முன்பக்கம். '177.25 டி.எம்.சி., 2007-இல் 192' என்று பின்பக்கம். முடிந்தது.

யூடியூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டில் போனைக் கையில் எடுத்தாலே ரீல்ஸ்தான் என்று முடிவு கட்டுவார்கள். பக்கத்தில் நோட்டும் பேனாவும் திறந்திருந்தால் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கும்.

போனில் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று, ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டங்களை நிரப்பும் விடைத்தாள். செயலியில் தொட்டு விடை சொல்லிப் பழகியவர்களுக்கு 200 வட்டங்களைக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிவதில்லை. விடை தெரியாத கேள்விக்கு 'இ' (E) வட்டம், அப்புறம் ஏ (A) முதல் இ (E) வரை எதை எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி எழுதுவது, இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் மாதிரித் தாள் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் தேர்வைக் காலை ஒன்பதரைக்கே தொடங்குங்கள், உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான்.