கருப்பட்டிக்கு ஒரு கல் கட்டடம்: கீழக்கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 11

ஊருக்கு வெளியே பனங்காட்டு ஓரத்தில் பதநீர் காய்ச்சவும் கருப்பட்டி சேமிக்கவும் ஒரு கட்டடம் வேண்டுமாம். உரிமையாளர் ஐரோப்பிய ஒயின் ஆலைகளின் படங்களை அனுப்பியிருக்கிறார்: கல் சுவர், கண்ணாடி, இருண்ட நிலவறை. அழகுதான். ஆனால் அந்த நிலவறை 12, 13 டிகிரியிலேயே நிற்பதற்கு அங்கே மண்ணும் குளிர்ந்திருக்க வேண்டும். நம் கரையில் இரவும் வெக்கை, தோண்டினால் தண்ணீர்.

பிப்ரவரி 15

பழைய ஜும்மா பள்ளிவாசலில் வெகுநேரம் நின்றேன். கோயில் மண்டபம் போன்ற கருங்கல் தூண்களும், தூண் தலையில் உத்திரத்தை ஏந்தும் போதிகைகளும் தொழுகைக் கூடத்தைத் தாங்குகின்றன. இதைப் பார்த்து நகல் எடுப்பது இந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை. அலங்காரமே இல்லாத சுவர் போதும்.

கொத்தனார் கடற்பாறையைக் கேட்டார். பழைய வீடுகளில் இருக்கிறது, லேசான கல், செதுக்கவும் எளிது. ஆனால் அது பவளம். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டும் எடுக்க இன்று சட்டம் இடம் தராது, எடுக்கவும் கூடாது. கருங்கல் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வரட்டும். பூச்சுக்குச் சிமென்ட் வேண்டாம், கிளிஞ்சல் சுண்ணாம்பு. உப்பு ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால் சுவர் உள்ளிருந்தே பொரிந்துவிடும்.

பிப்ரவரி 23

ஒயின் ஆலையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பம்ப் இல்லாமல், மேலிருந்து கீழே தானாக இறங்கும் சாறு. இங்கே மேடு கிடையாது. இடுப்பளவு திண்ணை கட்டினால் பதநீர் வடிகட்டி வழியாகக் கொப்பரைக்கு இறங்கிவிடும். மரத்திலிருந்து இறங்கி வருபவர் குடத்தோடு மறுபடி படியேறக் கூடாது. சரிவுப் பாதை கட்டாயம்.

மார்ச் 4

காய்ச்சும் அடுப்புக்கும் கிடங்குக்கும் நடுவே பருமனான ஒரு கல் சுவர் வரைந்திருந்தேன். ஒயினுக்குக் கல் குளுமையைக் காக்கிறது. கருப்பட்டிக்கு அடுப்பின் சூட்டைக் காக்கட்டும், ஈரம் அண்டாது என்பது கணக்கு. விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சும் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐப்பசி மழையில்தானே தம்பி கருப்பட்டி கசியும்? அப்போது எங்கே பதநீர், எங்கே காய்ச்சுவது?”

அவர் வீட்டுக் கருப்பட்டி சமையலடுப்புக்கு மேலே பரணில் இருக்கிறது; அந்த அடுப்பு ஆண்டு முழுதும் எரிகிறது. ஆகவே தொழிலாளர் சமையலறையை அந்தச் சுவரின் மறுபக்கத்தில் சேர்த்துவிட்டேன். முகப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிய வரைபடத்தை இன்றிரவே உரிமையாளருக்கு அனுப்புகிறேன்.